45 மில்லிமீட்டரில் ஒரு மீட்டர் கேஜ்

செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் வண்டியில் போய்வந்தவர்கள் சிலராவது இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 1904இல் திறந்த பாதை. 2010இல் வண்டி நின்றது. 2018இல் அகலப்பாதையாக மறுபடி ஓடத் தொடங்கியது. பதிமூன்று கண் பாலம் இன்னும் நிற்கிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் கிடந்த அந்தத் தண்டவாளம்தான் இல்லை. அதை என் வீட்டுத் தோட்டத்தில், கொய்யா மரத்தைச் சுற்றி, 18 மீட்டர் நீளத்துக்குக் கையாலேயே போட்டிருக்கிறேன்.

ஒரு மீட்டரை என் மாதிரிப் பாதையின் சுருக்க விகிதமான 22.5ஆல் வகுத்துப் பாருங்கள். 44.4 மில்லிமீட்டர் வரும். 1968இல் ஜெர்மனியில் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் தோட்ட ரயிலைக் கொண்டுவந்தபோது பாதையின் அகலம் 45 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அச்சு அசல் மீட்டர் கேஜ். பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டையோடு கோத்த பாதை கடையிலேயே கிடைக்கிறதே, ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். கட்டைக்காகத்தான்.

நம் மீட்டர் கேஜ் மரக்கட்டை சுமார் 1,800 மில்லிமீட்டர் நீளம், 200 அகலம், 115 கனம். என் கணக்கில் அது 80, 9, 5 ஆகிவிடும். விரல் நீளத்துக்கு ஒரு மரத்துண்டு. மீட்டருக்கு 28 வீதம் 18 மீட்டருக்கு 504 கட்டை. தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்கை வாங்கி அறுத்தேன். முதல் தடவை மரத்தின் வெளிப்பக்க வெளிறையும் உள்பக்க வைரத்தையும் பிரிக்காமல் போட்டுவிட்டேன். ஒரு சாரல் காலம் கழித்துக் கையால் தொட்டால் வெளிறுக் கட்டைகள் பொருக்காக உதிர்ந்தன. உள்ளே கரையான் மண். பக்கத்திலேயே கிடந்த வைரம் பாய்ந்த கட்டையில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து நூற்றுக்கும் மேல் பிடுங்கினேன். இப்போது ஒவ்வொரு துண்டையும் வெயிலில் பிடித்து நிறம் பார்க்காமல் அறுப்பதில்லை.

கட்டைக்கு நான்கு ஆணி. 2,016 ஆணி! ரயில்வேயில் டாக் ஸ்பைக் என்பார்களே, தலை ஒரு பக்கமாக வளைந்து தண்டவாளத்தின் அடியைக் கவ்விப் பிடிக்கும், அதே வடிவம்தான். நேராக அடித்தால் இவ்வளவு சின்னக் கட்டை பிளந்துவிடும். ஊசி போன்ற துளை முதலில் போட வேண்டும். உள்பக்க ஆணியும் வெளிப்பக்க ஆணியும் எதிரெதிரே வரக் கூடாது, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் தள்ளி நிற்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே ரேகையில் இறங்கி மரத்தைப் பிளக்காது. நோஸ் பிளையரால் பிடித்து அழுத்தினால், தேக்கு ஆணியை வாங்கிக்கொள்ளும்போது கையில் ஒரு சிலிர்ப்பு வரும். அதற்காகவே இன்னும் 18 மீட்டர் போடுவேன்.

முதல் தண்டவாளத்துக்கு அளவுகோல் கிடையாது, கண்தான். சின்ன வயதில் ஸ்டேஷன் பக்கம் வேலை நடக்கும்போது பார்த்திருக்கிறேன். கேங் மேஸ்திரி முழங்காலிட்டு, கன்னம் தண்டவாளத்தில் படுகிற மாதிரி குனிந்து, ஒற்றைக் கண்ணால் நெடுகப் பார்ப்பார். வாய் பேசாது. கை மட்டும் இடது, வலது என்று அசையும். தூரத்தில் ஆறு பேர் கடப்பாரையை ஊன்றி ஒரே மூச்சில் தள்ளுவார்கள். நானும் அப்படித்தான் மண்ணில் படுத்துப் பார்க்கிறேன். முதலாவது சரியாக அமைந்துவிட்டால், இரண்டாவதை இரண்டு வெட்டு உள்ள இரும்புத் தகடே சொல்லிவிடும்.

வெயிலைச் சொல்லியே ஆக வேண்டும். என் தண்டவாளம் பித்தளை. மார்கழி விடியற்காலையில் முனையோடு முனை இடைவெளியே இல்லாமல் பொருத்தி, நெருக்கமான வேலை என்று மகிழ்ந்திருந்தேன். சித்திரை மத்தியானம் போய்ப் பார்த்தால் நேர்ப்பாதை பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறது. 10 மீட்டர் பித்தளை 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும், அதற்குப் போக்கிடம் வேண்டுமல்லவா? இப்போது இரண்டு மீட்டருக்கு ஒரு இணைப்பு. குளிர்ந்த வேளையில் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தகட்டை இடையில் வைத்து, பிறகு உருவிவிடுவேன். ஆணித்தலையையும் இறுக அமுக்குவதில்லை. தண்டவாளம் மேலே எழும்பக் கூடாது, ஆனால் நீளவாக்கில் நழுவ முடிய வேண்டும்.

ஜல்லிக்குக் கிரஷர் சிப்ஸைச் சலித்துக்கொள்ளுங்கள். ஆற்றுக் கூழாங்கல் அழகு, ஆனால் உருளும். முனை உள்ள கல்தான் ஒன்றையொன்று கவ்வும். வளைவில் அகலத்தை ஒரு மயிரிழை கூட்டிப் போடுங்கள், நீளமான எஞ்சின் சிக்காது. பாதை பிரிகிற பாயிண்ட் வேலை தனிக் கதை, இன்றைய நேரத்துக்குள் அடங்காது.

ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர்கள் வீட்டில் துருப்பிடித்த டாக் ஸ்பைக் ஒன்று கதவுக்கு அண்டை கொடுக்க இன்னமும் கிடக்கலாம். அதை எடுத்துத் துடைத்து, அதே வடிவத்தில் சிறியதாக ஒன்று தட்டிப் பாருங்கள். ஓர் அடிப் பாதைக்கு எட்டொன்பது கட்டை போதும். வைரம் பார்த்து அறுங்கள், துளை போட்டு ஆணி இறக்குங்கள், வெயிலுக்கு இடம் விடுங்கள். இந்தச் சாரல் முடிவதற்குள் உங்களில் யாராவது ஒருவர் தோட்டத்தில் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.