ஒரு விசையும் பல வினைகளும்
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கணினி விளையாட்டுக்கெனச் செய்யப்படும் சுட்டியைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். விளையாட்டுச் சாமானுக்கு ஒரு சொற்பொழிவா எனப் பெரியோர் நகைத்தல் கூடும். ஆயினும் நம் பிள்ளைகளின் கையில் நாடோறும் புரளுங் கருவி அது. நேர்மை பற்றிய வினாவொன்றும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

சுட்டியின் பிறப்பு மிக எளியது. அமெரிக்காவிலுள்ள ஸ்ரன்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பார் அதனை எண்ணினார். அவருடன் உழைத்த பொறியியலாளர் பில் இங்கிலிஷ் 1964இல் அதனைச் செய்து கொடுத்தார். ஒரு மரக்கூடு, அடியில் இரு சில்லுகள், மேலே ஒரேயொரு பொத்தான், அவ்வளவே. இன்றோ நிலை வேறு. 2009இல் றேசர் நிறுவனத்தார் வெளியிட்ட நாகா என்னுஞ் சுட்டியில் பெருவிரலுக்கு மாத்திரம் 12 பொத்தான்கள் அமைந்தன. சாதாரணச் சுட்டி வினாடிக்கு 125 முறை தன் அசைவைக் கணினிக்கு அறிவிக்க, விளையாட்டுச் சுட்டிகள் பல 1000 முறை அறிவிக்கின்றன.

இவற்றினும் வியத்தற்குரியது ‘மக்ரோ’ என்னும் வசதி. எவ்வெவ் விசைகளை, எவ்வரிசையில், எவ்வளவு இடைவெளி விட்டு அழுத்தவேண்டும் என்பதை ஒருமுறை பதிந்து, ஒரு பொத்தானோடு பிணைத்துவிடலாம். பின்னர் அப்பொத்தானை ஒருகால் அழுத்தின், வரிசை முழுதுந் தானே நிகழும். சில சுட்டிகள் அப்பதிவைத் தம் நினைவகத்திலேயே வைத்திருக்குமாதலின், வேறு கணினியிற் பூட்டினும் அது பயன்படும்.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. ஒரே வேலையை நூறு முறை செய்யுங் கணக்கெழுதுவோர்க்கு அது களைப்பைக் குறைக்கும். விரல்கள் நன்கு இயங்காதார்க்கு, பல விசைகளின் வேலையை ஒரே பொத்தான் செய்து கொடுக்கும். அவர்க்கு அது சலுகையன்று. கைத்தடி போன்றதோர் உதவி.

ஆனால் போட்டியில் நிகழ்வது யாது? சுடும் விளையாட்டுக்களில், சுடுந்தோறுந் துப்பாக்கி மேல்நோக்கி உதைக்கும். அதனை அடக்கக் கையைப் பலநாட் பயிற்றுதல் வேண்டும். அவ்வடக்குதலை மக்ரோவே செய்துவிடின், எதிரில் இருப்பவன் பயின்ற நாள்கள் வீணாகின்றன. இதுபற்றியே வால்வ் நிறுவனத்தார் 2024 ஆகஸ்ட் மாதத்தில், கவுண்டர் ஸ்ரைக் 2 விளையாட்டின் தம் களங்களில், ஓரழுத்தலாற் பல அசைவுகளை நிகழ்த்துஞ் சில முறைகளைத் தடுத்தனர்.

ஆதலின் இளைஞர்களே, பொத்தானைக் குறைகூறுதல் பயனில்லை. தனித்து விளையாடும்போதும் தொழில் செய்யும்போதும் மக்ரோவைத் தாராளமாக ஆளுங்கள். எதிரில் ஒருவன் இருப்பின், விதியை முதலில் வாசியுங்கள். அவனுக்குச் சொல்லக் கூசும் உதவியைக் கைக்கொள்ளாதீர்கள். போட்டி நடத்துவோரும், உடற்குறையுடையார்க்கு இவ்வுதவியை முன்னரே வெளிப்படையாக அனுமதித்தல் நன்று.

பெரியோர்களே, கருவியைப் பறித்து வைப்பதனால் நேர்மை வளர்ந்துவிடாது. அருகில் அமர்ந்து, “தம்பி, இந்தப் பொத்தான் என்ன செய்யும்?” என்று ஒருமுறை கேளுங்கள். தயங்காது விடை கூறும் பிள்ளையைப் பற்றி நாம் அஞ்சவேண்டுவதில்லை.