பட்டாளத்துக்குப் போனவர்களின் கதை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் பணியாற்றினார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டிலும், பாலமும் பாதையும் அமைத்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படையிலும் தமிழர்கள் ஏராளம். அதே காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அன்று இருபது வயதில் போனவர்களுக்கு இன்று நூறைத் தாண்டியிருக்கும். அவர்களுடைய கதை இனி வீட்டுப் பெட்டியிலும், பிள்ளைகளின் நினைவிலும், அரசு ஆவணங்களிலும்தான் கிடைக்கும்.

முதலில் பெட்டி. காகிதம் எதுவும் மிஞ்சாத வீட்டிலும் ஒரு மெடல் கிடந்தால் அதுவே பேசும். ஆறு முனை நட்சத்திரம், ரிப்பனின் நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் நீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு என்றிருந்தால் அது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை நடந்த பர்மா போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய முதல் உலகப் போர் மெடல்கள் பலவற்றின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த எழுத்துகள் மழுங்கிவிடும். நேதாஜி படையில் இருந்தவர் வீட்டில் தேட வேண்டியது பென்ஷன் காகிதங்களை. 1972இல் மத்திய அரசு தொடங்கிய தியாகிகள் பென்ஷனுக்கு அவர்களும் விண்ணப்பித்தார்கள். சிறையில் இருந்த காலம் அந்த விண்ணப்ப நகலில் இருக்கக்கூடும்.

அடுத்தது நினைவு. "சண்டையைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டால் பேச்சு நாலு வரியில் முடிந்துவிடும். கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள், மணியார்டர் ஒழுங்காக வந்ததா, திரும்பியபோது என்ன கொண்டுவந்தார், எதைப் பற்றிப் பேசவே மாட்டார் என்று கேட்டால் கதை விரியும். செல்போனில் பதிவு செய்யும்போது பேசுபவரின் பெயர், ஊர், தேதி ஆகியவற்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். அண்ணன் ஒன்று சொல்லி, தங்கை வேறு சொன்னால் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வதே முறை.

மூன்றாவது ஆவணம். மெட்ராஸ் ரெஜிமென்டின் பதிவு அலுவலகம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் பெங்களூர். போரில் இறந்தவர்களின் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும்கூட உண்டு. கல்லறை எங்கே என்று தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் அருகே தாவ்க்யன் போர்க் கல்லறையில் உள்ள நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நேதாஜி படை தொடர்பான 990 கோப்புகள் 1997இல் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் ஆட்சிக் காலம் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் உள்ளன.

ஆவணம் தேதியையும் இடத்தையும் திருத்திக் கொடுக்கும். வீட்டில் பட்ட கஷ்டமும் திரும்பி வந்தவரின் சுபாவமும் எந்தக் கோப்பிலும் இராது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். பழைய படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர் எழுதலாம். கடிதங்களை லேமினேட் செய்யவோ டேப் ஒட்டவோ கூடாது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பிரதிகளை வெவ்வேறு ஊர்களில் உள்ள உறவினர் வீடுகளில் வைத்தால், ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மற்றொன்றில் மிஞ்சும்.