‘வந்தவர்கள்’ மீது கோபம்: நமக்குத் தெரிந்த கதை

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், சேமலாப நிதி, காணி உறுதி பற்றிப் பேசப் போகிறோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவை பிற்பகலுக்கு இருக்கின்றன. காலை வேளையில் வேறொரு விடயத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

உலகத்தில் பல நாடுகளில் வெளியிலிருந்து வந்தவர்களைக் காட்டி வாக்குக் கேட்கும் அரசியல் வளர்ந்து வருகிறது. இதை ஜனரஞ்சகவாதம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. “நீங்கள் நல்ல சனங்கள். உங்களைக் கெடுப்பவர்கள் மேலே இருக்கும் பெரிய மனிதர்களும், வெளியிலிருந்து வந்தவர்களும்தான்” என்பதுதான் அந்த அரசியலின் சாரம். பெரிய மனிதர்களைப் பற்றிய பேச்சு தேர்தலோடு முடிந்துபோகும். வந்தவர்கள் மேல் விழும் அடி மட்டும் நிற்காது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம் இருக்கிறது. நம் லயங்களிலிருந்து பிள்ளைகள் குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் போயிருக்கிறார்கள். அங்கே அவர்கள்தான் ‘வந்தவர்கள்’. இரண்டாவது காரணம் நம் மலையிலேயே இருக்கிறது. கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க வெளியாட்கள் வரும் தோட்டங்களில், “இவர்களை உள்ளே விட வேண்டாம் என்று சங்கம் சொல்ல வேண்டும்” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நாம் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் பிரித்தானியாவில் நடந்ததையும், நம் நாட்டில் நமக்கு நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2024 ஜூலை 29ஆம் திகதி இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில், நடன வகுப்புக்குப் போயிருந்த மூன்று சின்னப் பெண் பிள்ளைகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். சில மணி நேரத்திலேயே, கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று இணையத்தில் ஒரு கதை பரவியது. அது பொய். பிடிபட்டவன் வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் பிறந்த 17 வயதுப் பையன். ஆனால் பொய்யை நம்பிக் கூட்டம் திரண்டுவிட்டது. மறுநாள் அதே ஊரில் பள்ளிவாசலைத் தாக்கினார்கள். ஓகஸ்ட் 4ஆம் திகதி ரொதர்ஹாம் அருகே, அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குள் ஆட்கள் இருக்கும்போதே தீ வைக்கப் பார்த்தார்கள்.

சின்னப் படகுகளில் கடல் தாண்டி வருகிறவர்களைப் பற்றித்தான் அந்த நாட்டில் தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு. “படகை நிறுத்துவோம்” என்பது அங்கே ஆளும் கட்சியே சொன்ன சுலோகம். படகு, தோணி என்ற சொற்கள் நம் காதில் எப்படி விழும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. கள்ளத்தோணி என்ற வசவைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிமார் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.

இனி அந்த நாட்டின் இன்னொரு ஊருக்குப் போவோம். அதன் பெயர் பொஸ்டன். இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்சயர் மாவட்டத்தில் இருக்கிறது. நுவரெலியாவைப் போல மரக்கறி விளையும் பூமி. ஆனால் மலை கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையான நிலம். கோவா, உருளைக்கிழங்கு, பூக்கோவா எல்லாம் அங்கே விளைகின்றன. 2004இல் போலந்து, லித்துவேனியா, லத்வியா போன்ற நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இந்த வயல்களுக்கு வேலைக்கு வந்தார்கள். கொஞ்ச வருடங்களிலேயே ஊரின் முகம் மாறியது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதா என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தபோது, நாட்டிலேயே மிக அதிகமாக, நூற்றுக்கு 75க்கும் மேலானவர்கள், இந்த ஊரில்தான் வெளியேறுவோம் என்று வாக்களித்தார்கள். 2024 தேர்தலில் குடிவரவை எதிர்க்கும் ரிபோர்ம் கட்சி இந்தத் தொகுதியைப் பிடித்தது.

இப்படி வாக்களித்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. வீட்டு வாடகை ஏறியது. ஒரு வீட்டில் பத்துப் பேரை அடைத்து வாடகை வாங்கினார்கள். டொக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசையும் பள்ளிக்கூட வகுப்பறையும் நிரம்பின. வயல் வேலைக்குச் சம்பளம் கூடவில்லை. இந்த முறைப்பாடுகளை ஒதுக்கிவிட முடியாது. நம் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் வரிசையில் நிற்கும்போது நமக்கு வருகிற கோபமும் அதேதான். ஆனால் ஆட்கள் பெருகும் ஊருக்குக் கூடுதல் டொக்டரையும் வகுப்பறையையும் தர வேண்டியது அரசாங்கம். பத்துப் பேரை அடைத்து வாடகை வாங்கியவர் வீட்டுக்காரர். குறைந்த கூலி கொடுத்தவர் முதலாளி. கோபம் இவர்கள் யாரிடமும் போகவில்லை. கோவா வெட்ட வந்தவனிடம் போனது.

அந்த வயல்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர்களை அங்கே ‘கேங்மாஸ்டர்’ என்கிறார்கள். நம் பாஷையில் கங்காணி. ஆளைக் கொண்டுவந்து இறக்குவதும், தங்க இடம் கொடுத்துக் கூலியில் வாடகை கழிப்பதும், வான் கட்டணம் கழிப்பதும், கடைசியில் மிஞ்சுவதைக் கையில் கொடுப்பதும் அவர்களில் பலருடைய வழக்கமாக இருந்தது. தலைக்காசும் துண்டும் என்னவென்று நம் முன்னோர்களுக்குத் தெரியும். துண்டு முறை இலங்கையில் 1921இல் சட்டப்படி ஒழிந்தது. எண்பது வருடம் கழித்து, நம்மை ஆண்ட நாட்டின் வயல்களிலேயே அதே மாதிரியான சுரண்டல் நடந்துகொண்டிருந்தது.

2004 பெப்ரவரி 5ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் மோர்கம்பே விரிகுடாவில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் கடல் பெருக்கில் சிக்கிக்கொண்டார்கள். குறைந்தது 21 பேர் செத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர் அப்படியொரு கங்காணிதான். “சட்டவிரோதமாக வந்தவர்கள்தானே” என்று அன்றைக்கும் பேசியவர்கள் உண்டு. ஆனால் தொழிற்சங்கங்கள் வேறு வழியில் போயின. ஆள் சேர்ப்பவர் ஒவ்வொருவரும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், எடுக்காதவர் சிறைக்குப் போக வேண்டும் என்று கேட்டன. அதே வருடம் அந்தச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் வந்தவனை விரட்டவில்லை, அவனை வைத்துச் சம்பாதிப்பவனின் கையைப் பிடித்தது. உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் காப்பாற்றவும் அதுதான் வழி.

தோழர்களே, பிரித்தானியச் சங்கங்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968இல் இனொக் பவல் என்ற அரசியல்வாதி குடிவரவுக்கு எதிராகப் பேசியபோது, லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். 1974இல் லெஸ்டர் நகரில் டைப்ரைட்டர் தொழிற்சாலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய சொந்தச் சங்கமே அவர்களைக் கைவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, 1976இல், லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் கம்பனியில் ஜயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்ணின் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரும்பாலும் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஆசியப் பெண்கள். இந்தத் தடவை தபால் தொழிலாளர்கள் அந்தக் கம்பனியின் கடிதங்களைத் தொட மறுத்தார்கள். யோர்க்சயரிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார்கள். லண்டன் துறைமுகத் தொழிலாளர்களும் வந்தார்கள். அந்தப் போராட்டம் 1978இல் தோல்வியில் முடிந்தது. ஆனால் சேலை கட்டிய பெண்களும் தொழிலாளர்கள்தான், சங்கத்தின் ஆட்கள்தான் என்பதை அந்த நாட்டுச் சங்கங்கள் அங்கே கற்றுக்கொண்டன. மக்களின் மனது மாறாது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒன்பது வருடக் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1920களில் கொழும்பில் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டியவர் ஏ. ஈ. குணசிங்க. 1923 பொது வேலைநிறுத்தம், 1927 துறைமுக வேலைநிறுத்தம், 1929 டிராம் வேலைநிறுத்தம் எல்லாம் அவர் பெயரோடு சேர்ந்தவை. அந்தப் போராட்டங்களில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் மலையாளிகளும் ஒன்றாக நின்றார்கள். பிறகு உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது, வேலை போனது. அதே குணசிங்க 1930களில் மலையாளிகளைக் காட்டி, “இவர்கள்தான் உங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்” என்று பிரசாரம் செய்தார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்க அரசாங்கம் முடிவெடுத்தது. அன்றைக்கு மலையாளிகளுக்கு விழுந்த அடி பத்து வருடத்தில் மலைநாட்டுக்கு வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம், 1949 தேர்தல் திருத்தச் சட்டம். சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆனார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று நம்மைப் பங்கு போட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரைக்கும் அந்தக் கணக்கு முழுசாகத் தீரவில்லை.

இந்தியாவுக்குப் போனவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். எந்த ஊரில் நின்றாலும் அவர்கள் வந்தவர்கள்.

நம் வாக்கைப் பறித்ததால் சிங்களத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? அவருடைய கூலி கூடியதா? நம் தொழிலாளர்களின் வாக்கு இல்லாமல் போனதால், பாராளுமன்றத்தில் தொழிலாளர் பக்கம்தான் பலவீனமானது. இதை அன்றே புரிந்துகொண்ட சிங்களத் தோழர்கள் இருந்தார்கள். 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டுச் செத்தபோது, விசாரணையில் அவருடைய குடும்பத்துக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1948இல் பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அவர்களை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் நாம் பட்டவர்கள் என்பதாலேயே நமக்கு இந்த நோய் வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2017 செப்டெம்பரில், ஐ.நா. பொறுப்பில் கல்கிசையில் தங்கியிருந்த ரோஹிங்கியா அகதிகளின் வீட்டை, பிக்குகளின் தலைமையில் வந்த கூட்டம் முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியர்கள் பழுதான படகில் முல்லைத்தீவுக் கரைக்கு வந்தபோது, அங்கிருந்த கடற்றொழிலாளர்கள் அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். நம் வட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி வந்தபோது யார் யார் என்ன எழுதினோம் என்று ஒருமுறை மேலே தள்ளிப் பார்ப்பது நல்லது.

இனி நம் மலையின் கேள்விக்கு வருவோம். கைக்காசுக்கு வரும் வெளியாட்களை என்ன செய்வது? அவர்களால் நம் பேர் குறைகிறது என்ற பயம் நியாயமானது. ஆனால் அவர்களைக் கூப்பிட்டது யார்? சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டாமல் வேலை வாங்கினால் யாருக்கு மிச்சம்? நாம் அவர்களோடு சண்டை பிடிக்கிற வரைக்கும் துரைக்கு இரண்டு பக்கமும் மலிவு. ஆகவே சங்கத்தின் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஒரே மலையில் ஒரே வேலைக்கு ஒரே விலை. வெளியாளுக்கு ஒரு கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள், என்ன கழிக்கிறார்கள் என்று தலைவர்கள் எழுதி எடுத்து வாருங்கள். அவர்கள் பெயரும் செக்ரோலில் ஏற வேண்டும் என்று கேட்போம்.

இரண்டாவது, அவர்களிடம் சங்கப் படிவத்தைக் கொடுங்கள். சிங்களக் கிராமத்திலிருந்து வருகிறவருக்குச் சிங்களத்தில் எழுதிய படிவம் வேண்டும். அதை அச்சிட்டுத் தருவது எங்கள் பொறுப்பு.

மூன்றாவது, யாரைப் பற்றியாவது ஆத்திரப்படுத்தும் செய்தி போனில் வந்தால், யார் சொன்னது, எப்போது நடந்தது என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள். சவுத்போர்ட்டில் ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும், அந்தப் பொய் செத்திருக்கும்.

நான்காவது, கோபப்படுகிற நம் உறுப்பினரை ‘இனவாதி’ என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். அவருக்கு எத்தனை பேர் குறைந்தது, எந்த மாதத்தில், எவ்வளவு நட்டம் என்று கேளுங்கள். கணக்கு கைக்கு வந்தால் கோபம் போக வேண்டிய இடம் அவருக்கே தெரியும்.

2024 ஓகஸ்ட் 7ஆம் திகதி, மறுபடியும் கலவரம் வரப்போகிறது என்று பிரித்தானியாவில் வதந்தி பரவிய அன்று, லண்டனின் வோல்தம்ஸ்டோவிலும் வேறு பல நகரங்களிலும் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் தெருவுக்கு வந்து அகதிகளின் பக்கம் நின்றார்கள். தொழிற்சங்கக் கொடிகளும் அங்கே இருந்தன. கலவரக்காரர்கள் அன்று பெரும்பாலும் வரவேயில்லை.

நம் தோட்டத்தில் அந்த மாதிரி ஒரு நாள் வராமலிருக்க இப்போதே வேலை தொடங்க வேண்டும். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, வெளியாட்களின் பெயர்ப் பட்டியலையும் அவர்களுக்குக் கிடைக்கும் கிலோ விலையையும் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!