கணிப்பொறிக்குள் புகுந்த கள்வன்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு கணிப்பொறியைப் பிடிக்கும் ஒரு நோயைப் பற்றிப் பேச முற்பட்டதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் நேர்ந்த இழப்பு நம்மை உறங்க விடவில்லை.

அவ்வீட்டு அம்மையாரின் தாயார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து மறைந்தவர். அவர் பாடிய தாலாட்டுகளும் நலங்குப் பாடல்களும் ஒரு காலத்தில் கேசட்டில் பதிவாயின. கேசட்டில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் அவற்றை எம்பி3 கோப்புகளாக்கிக் கணிப்பொறியில் சேர்த்தனர். கேசட்டைக் குப்பையில் போட்டனர். ஊரை விட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் தில்லியில் வாழும் நமக்கு இத்தகைய கோப்புகள்தாமே பிதிரார்ஜிதம்!

அவ்வீட்டு மைந்தன் கல்லூரி மாணவன். விலை கொடுத்து வாங்க வேண்டிய படத்தொகுப்பு நிரல் ஒன்றின் திருட்டுப் பதிப்பை இணையத்திலிருந்து இறக்கினான். ‘நிறுவும் முன் வைரஸ் தடுப்பை அணைத்து வைக்கவும்’ என்று அதனுடன் ஒரு குறிப்பும் வந்தது. நாயைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திற என்று கேட்கும் விருந்தாளி எத்தகையவன் என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. திரையிலே ‘விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது’ என்னும் பொய் அறிவிப்புத் தோன்றிற்று. அது மறைந்தபோது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற நான்கெழுத்து வால் ஒன்று ஒட்டியிருந்தது. எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ‘ரீட்மீ’ என்ற பெயரில் ஒரு மடல் மட்டும் திறந்தது. 980 டாலர் தந்தால் திறவுகோல் தருவோம், 72 மணி நேரத்துக்குள் தந்தால் பாதி விலை என்றது அம்மடல். கள்வனும் தள்ளுபடி அறிவிக்கும் காலம் இது!

இதனை ரான்சம்வேர் என்பர். பணயம் கேட்கும் நச்சு நிரல் என்று நாம் கூறலாம். இது முற்றிலும் புதியதன்று. 1989-இலேயே தபாலில் அனுப்பிய வட்டுகளின் வழியே இத்தகைய நிரல் ஒன்று பரவி, பனாமா நாட்டின் அஞ்சல் பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்புமாறு கேட்டது. 2022 நவம்பரில் இந்நகரின் எய்ம்ஸ் மருத்துவமனையில் பல நாட்கள் எல்லாம் கையெழுத்துச் சீட்டிலேயே நடந்ததை நாம் மறக்கவில்லை. அந்த மாணவனுக்கு வாய்த்ததோ, ‘ஸ்டாப்’ என்றும் ‘டெஜாவு’ என்றும் வழங்கும் வகை. பெரிய நிலையங்களை விடுத்து, வீட்டுக் கணிப்பொறிகளையே நாடுவது அதன் இயல்பு.

அடுத்து நிகழ்ந்ததுதான் உண்மையான துயரம். பதறிப்போன குடும்பத்தார் பழுது பார்க்கும் கடையொன்றுக்குக் கணிப்பொறியைக் கொண்டு சென்றனர். கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் டிஸ்க்கை முழுவதும் அழித்து, விண்டோஸை மீண்டும் நிறுவிக் கொடுத்தார். கணிப்பொறி நலமாயிற்று, பாட்டியின் குரல் அழிந்தது. கள்வனை விரட்டுவது வேறு, அவன் பூட்டிச் சென்ற பெட்டியைத் திறப்பது வேறு. பெட்டியையே எரித்துவிட்டால் பின்னர் எதனைத் திறப்பது?

இவ்வகை நிரல் அவசரக்காரன். ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கத்தில் ஏறத்தாழ 150 கிலோபைட்டை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடும். சாதாரண எம்பி3 பதிவில் அது பத்து விநாடிக்கும் குறைவு. எஞ்சிய பாடலை மீட்டுத் தரும் இலவசக் கருவிகள் உள்ளன. இவ்வழி பாடலுக்குப் பயன்பட்டிருக்கும். பத்து விநாடி போயிருக்க வேண்டிய இடத்தில் அனைத்தும் போயிற்று. இதனை அந்த அம்மையாரிடம் கூற நமக்கு மனம் வரவில்லை. அவர் ஒப்புதல் பெற்ற பின்னரே இங்கு எடுத்துரைக்கிறோம்.

அப்படியாயின் என்ன செய்திருக்க வேண்டும்? கோப்புகளின் பெயர் மாறக் கண்டவுடன் முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். செருகியிருக்கும் பென் டிரைவையும் வெளி ஹார்டு டிஸ்க்கையும் பிடுங்க வேண்டும். அதன் பின்னும் பூட்டும் வேலை ஓடினால் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணிப்பொறியையே அணைத்துவிடலாம். மிரட்டல் மடலை அழிக்கலாகாது. கைப்பேசியில் அதனைப் படமெடுத்துக் கொள்க. நோயின் பெயரைக் கூறுவது அம்மடலும் கோப்பின் வாலுமே. டச்சுக் காவல்துறையும் யூரோப்போலும் பிறரும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், பூட்டுண்ட இரு கோப்புகளையும் மடலையும் கொடுத்தால் நிரலின் வகையைக் கட்டணமின்றிக் கண்டு சொல்லும். திறவி இருப்பின் தரும். இதனை வேறொரு கணிப்பொறியிலிருந்து செய்வது நலம். டெஜாவு தன்னை எதிர்க்கும் தளங்களை வழிமறிக்கவும் செய்யும்.

பூட்டுண்ட கோப்புகளைத் தனி டிஸ்க் ஒன்றில் அப்படியே படியெடுத்து வைத்த பிறகே துப்புரவு. விண்டோஸ் டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன்’ சோதனை, இயங்கு தளம் எழுவதற்கு முன்னரே நிரலைத் தேடும். முன்னதாகத் துப்புரவு செய்யாமல் திறவியை ஓட்டினால், திறந்த கோப்பை நிரல் மறுபடியும் பூட்டிவிடக்கூடும். டெஜாவுடன் கடவுச்சொல் திருடும் நிரலும் பல வேளைகளில் சேர்ந்தே வரும். ஆதலின் வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து அன்றே மாற்றுக.

திறவி எல்லோர்க்கும் வாய்க்குமா? வாய்க்காது. நிரல் தன் தலைமையிடத்தோடு தொடர்பு கொள்ள இயலாதபோது தன்னுள் இருக்கும் பொதுச்சாவியால் பூட்டும். அவ்வாறு பூட்டுண்டோர்க்கே பெரிதும் நம்பிக்கை. மடலில் உள்ள அடையாள எண் ‘டி1’ என முடிந்தால் அது பொதுச்சாவி. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இவ்வகைக்கு இலவசத் திறவி வெளியிட்டது. இன்று திறவாதது பின்னொரு நாள் திறக்கலாம், கோப்புகளை வைத்திருந்தால்தானே!

பணம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுத்தும் சாவி பெறாதோர் உண்டு. தேசிய சைபர் குற்றத் தளத்தில் முறையிடுக. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

வரும் ஞாயிறு காலை சங்கத்து நூலக அறையில் நம் இளைஞர் நால்வர் இருப்பர். குடும்பப் படங்களையும் குரல்களையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் படியெடுத்துத் தருவர். படியெடுத்தபின் அதனைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருப்பதையும் கள்வன் பூட்டுவான். பழைய கேசட்டுகள் இருப்பினும் கொண்டு வாருங்கள். அந்த அம்மையாரின் சிற்றன்னை வீட்டுப் பரணில் ஒரு கேசட் அகப்பட்டிருக்கிறது; முதலில் அதனையே எடுத்துக் கொள்ள இருக்கிறோம்.