மணலுக்குள் மூன்று நாள்: வழிகாட்டி எதற்கு?



"கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. அதில் வரைபடமும் இருக்கிறது. பிறகு வழிகாட்டிக்கு எதற்குப் பணம்?" இளைஞர்கள் பலர் கேட்கும் இந்தக் கேள்விதான் இவ்வார அரங்கின் தலைப்பு. கேள்வி நியாயமானதுதான். பாரிசுக்கோ பாங்காக்கிற்கோ போகிறவருக்கு வழிகாட்டி தேவையில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதே கேள்வியைச் சஹாராவின் விளிம்பில் நின்று கேட்டால் விடை என்ன?

முதலில் ஒரு சிறு செய்தி. சஹாரா என்ற அரபுச் சொல்லுக்கே பாலைவனம் என்றுதான் பொருள். ஆகவே 'சஹாரா பாலைவனம்' என்பது 'நடு சென்டர்' என்பதைப் போன்றது. பழகிவிட்ட வழக்கு, இருந்துவிட்டுப் போகட்டும். அதன் பரப்பு ஏறத்தாழ 92 லட்சம் சதுர கிலோமீட்டர். மலேசியாவைப் போல் 27 மடங்குக்கும் மேல். ஆனால் படங்களில் பார்ப்பது போல் எங்கும் மணல்மேடுகள் கிடையாது. மணல் பரந்த பகுதி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மீதி கல்தரையும் கூழாங்கல்லும் மொட்டை மலையும்.

முல்லையும் குறிஞ்சியும் திரிந்துபோன நிலமே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வதை மாணவர்கள் படித்திருப்பார்கள். அந்த இலக்கணம் சஹாராவுக்கும் பொருந்துகிறது என்பது வியப்புக்குரியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே புல்வெளிகளும் ஏரிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி மலைப் பாறைகளில் மாட்டு மந்தைகளின் ஓவியங்களை இன்றும் காணலாம். மாடு மேய்ந்த இடத்தில்தான் இப்போது மணல் மேய்கிறது.

சஹாராவைத் தொட்டுப் பார்க்க நினைக்கும் சுற்றுப்பயணிகளில் பெரும்பாலோர் இன்று மொரோக்கோவுக்குத்தான் செல்கின்றனர். மராகேஷ் நகரில் காலையில் வேன் ஏறி, மூன்றாம் நாள் இரவு திரும்புவது வழக்கமான திட்டம். போக மட்டும் சுமார் 560 கிலோமீட்டர். மராகேஷிலிருந்து உவர்சசாத் நகருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகும் தூரம்தான், ஆனால் நான்கு மணி நேரம் பிடிக்கும். காரணம், நடுவில் அட்லஸ் மலைத்தொடர் குறுக்கிடுகிறது. திசி ந் திஷ்கா என்னும் கணவாய் 2,260 மீட்டர் உயரம். கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்தைவிட உயரத்தில் சாலை ஓடுகிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் பனி விழுந்து கணவாய் மூடப்படுவதும் உண்டு. பாலைவனத்துக்குப் புறப்பட்டவர் பனியில் மாட்டிக்கொண்டார் என்றால் யார் நம்புவார்கள்?

கணவாயைத் தாண்டினால் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. செம்மண்ணால் எழுப்பிய ஆயித் பென்ஹத்து கோட்டைக் கிராமம் 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'கிளாடியேட்டர்' படங்களின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. பயணிகள் படத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய அந்தச் சுவர்களை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பூசி மெழுகினால்தான் நிற்கும் என்பதையும், ஆட்கள் ஆற்றின் அக்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் பூசுவதற்குக் கை குறைந்துவிட்டதையும் யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். வழிகாட்டியின் முதல் வேலை இதுவே.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. மொரோக்கோவில் வழிகாட்டிக்கு அரசு உரிமம் வேண்டும். அடையாள அட்டையும் உண்டு. மலிவான பயணத் திட்டங்களில் மூன்று நாளும் கூட வருபவர் பெரும்பாலும் ஓட்டுநர் மட்டுமே. ஆயித் பென்ஹத்து போன்ற இடங்களில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு வந்து சேர்ந்துகொள்வார். விளம்பரத்தில் 'வழிகாட்டியுடன்' என்று போட்டிருந்தாலும், எந்த வழிகாட்டி, எத்தனை மணி நேரம் என்று கேட்காமல் பணம் கட்டுவது வீண். வழியில் கம்பளக் கடையிலும் ஆர்கன் எண்ணெய்க் கடையிலும் வண்டி நிற்கும். அங்கே தரகு உண்டு என்பது ஊரறிந்த இரகசியம். தேநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, வாங்காமல் எழுந்து வந்தாலும் தவறில்லை.

சாலையோரப் பெயர்ப்பலகைகளில் அரபு எழுத்துக்குப் பக்கத்தில் வட்டமும் கோடுமாக இன்னோர் எழுத்து தென்படும். அது திஃபினாக், அமாசிக் மக்களின் எழுத்து. வெளியார் பெர்பர் என்று அழைக்கும் இந்த மக்கள் அரபுமொழி வருவதற்கு முன்பிருந்தே அங்கு வாழ்பவர்கள். 2003 முதல் அவர்கள் மொழி பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. 2011 அரசியலமைப்பில்தான் அது ஆட்சிமொழி ஆனது. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இந்தச் செய்தியின் அருமை விளக்காமலே புரியும்.

தோத்ரா பள்ளத்தாக்கில் சுமார் 300 மீட்டர் உயரப் பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கி வருவது, எர்ஃபூத் ஊரில் கல்லுக்குள் உறைந்த பழங்காலக் கடல் உயிர்கள் என வழியில் பார்க்க நிறைய இருக்கின்றன. ஆனால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடக் கூடாத ஒன்று கெத்தாரா. மலையடிவாரத்து நிலத்தடி நீரைப் பல கிலோமீட்டர் தூரம் சுரங்க வாய்க்கால் வழியே, எந்த இயந்திரமும் இன்றி, சரிவை மட்டுமே நம்பிப் பேரீச்சந் தோப்புக்குக் கொண்டு வரும் முறை இது. மேலிருந்து பார்த்தால் வரிசையாகக் கறையான் புற்றுகள் போல் மண்மேடுகள் தெரியும். அவை சுரங்கத்தில் இறங்கித் தூர்வாரும் குழிகள். எவ்வளவு தண்ணீர் ஊறுகிறதோ அவ்வளவுதான் எடுக்க முடியும். இந்த முறையின் சிறப்பு அது. மோட்டார் வைத்த ஆழ்கிணறுகள் வந்ததும் நீர்மட்டம் இறங்கியது. பல கெத்தாராக்கள் வறண்டுவிட்டன. 2018-க்குப் பிறகு தொடர்ந்து ஆறு ஆண்டுகள் மழை பொய்த்தது. இந்த நிலையில் மணல்மேட்டின் காலடியில் நீச்சல்குளம் வைத்த தங்குவிடுதியைத் தேடிப் பதிவு செய்பவர்கள், அந்தத் தண்ணீர் யாருடைய தோப்பிலிருந்து வந்தது என்று ஒருமுறையாவது நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் மாலை மெர்சூகா. எர்க் ஷெபி என்னும் மணல்மேட்டுத் தொடர் சுமார் 150 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. வேன் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் ஒட்டகம் அல்லது நான்கு சக்கர இயக்க வண்டி. மணலில் இறங்கும் முன் ஓட்டுநர் சக்கரங்களின் காற்றைக் கணிசமாகக் குறைப்பார். சக்கரம் தட்டையாகிப் பரந்து நின்றால்தான் மணலில் புதையாது. பயணி ஒட்டகத்தின் மேல் அமர்ந்து படம் பிடித்துக்கொண்டிருக்க, கயிற்றைப் பிடித்தவர் ஒரு மணி நேரம் மணலில் நடந்தே வருகிறார். அவர் மேட்டின் உச்சியில் நேராக ஏறுவதில்லை. காற்று வீசும் பக்கத்து மணல் இறுகியிருக்கும், மறுபக்கம் சரியும் என்பதைக் காலே சொல்லிவிடுகிறது. வரைபடத்தில் அந்த வேறுபாடு கிடையாது. காற்று அடித்தால் நேற்றைய மேடு இன்று சற்று நகர்ந்திருக்கும்.

இங்கேதான் கைத்தொலைபேசிக் கேள்விக்கு வர வேண்டும்.

மெர்சூகாவிலிருந்து சிறிது தூரத்தில் ரிசானி என்ற ஊர். அதன் பக்கத்தில் சிஜில்மாசா என்னும் பழைய வணிக நகரின் இடிபாடுகள் கிடக்கின்றன. 1352-ல் இப்னு பதூதா அங்கிருந்துதான் வணிகக் கூட்டத்தோடு சஹாராவைக் கடக்கப் புறப்பட்டார். மதுரையில் சுல்தான் ஆட்சியையும் சுமத்திராவையும் நேரில் கண்டு எழுதிய அதே பயணிதான். தகாசா உப்புச் சுரங்கத்துக்கு 25 நாள். அங்கே உப்புப் பாளத்தால் கட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறார். அதற்கப்பால் தண்ணீர் இல்லாத நெடுவழி. அப்போது 'தக்ஷிஃப்' என்னும் ஒற்றை ஆளைக் கூலிக்கு அமர்த்தி முன்னால் அனுப்புவார்கள். அவர் தனியாக வலாத்தா நகரை அடைந்து கடிதங்களைக் கொடுப்பார். அங்குள்ளவர்கள் நான்கு நாள் தூரம் எதிர்கொண்டு தண்ணீர் எடுத்து வருவார்கள். அந்த ஓர் ஆள் வழியில் இறந்துவிட்டால் கூட்டத்தில் பெரும்பாலோர் சாவது உறுதி. அவருக்குக் கூலி 100 மித்கால் பொன். இப்னு பதூதாவின் கூட்டத்துக்கு வாய்த்த வழிகாட்டிக்கு ஒரு கண் பார்வை இல்லை, மற்றொரு கண்ணும் நோயுற்றிருந்தது. ஆனாலும் அவரைப் போல் வழி தெரிந்தவர் வேறு யாருமில்லை என்று வியந்து எழுதுகிறார். அதே பயணத்தில் உறவினரோடு சண்டையிட்டுப் பின்தங்கிய ஒருவர் மணலில் காணாமலே போனார். அதுவரை கூட்டத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த இப்னு பதூதா, அதன் பிறகு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் தங்கவில்லை.

"அது 14-ஆம் நூற்றாண்டுக் கதை" என்று தம்பிமார்கள் சொல்லலாம். சரி, 1994-க்கு வரலாம். மொரோக்கோவில் நடந்த பாலைவன மாரத்தான் ஓட்டத்தில் இத்தாலிய வீரர் மவுரோ புரோஸ்பெரி மணற்புயலில் வழி தவறினார். கையில் வரைபடமும் திசைகாட்டியும் இருந்தன. புயல் ஓய்ந்தபோது பாதை இல்லை. கைவிடப்பட்ட ஒரு சமாதிக் கட்டடத்தில் ஒதுங்கி, வௌவால்களின் இரத்தத்தைக் குடித்து உயிர் தரித்தார். நம்பிக்கை இழந்து தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளவும் முயன்று, பிழைத்தார். கடைசியில் அவருக்கு நினைவு வந்தது பாலைவனத்து துவாரெக் மக்கள் முன்பு சொல்லி வைத்த ஒரு யோசனை: வழி தவறினால் விடியலில் அடிவானில் தெரியும் மேகத்தை நோக்கி நட. நடந்தார். பல நாள் கழித்து ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தியின் கண்ணில் பட்டார். அப்போது அவர் அல்ஜீரியாவுக்குள் இருந்தார். பாதையிலிருந்து விலகிய தூரம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர்.

2003-ல் அல்ஜீரியாவின் சஹாராவில் 32 ஐரோப்பியப் பயணிகள் ஆயுதக் கும்பலால் கடத்தப்பட்டனர். பலர் வழிகாட்டி இல்லாமல் சொந்த வண்டிகளில் சிறு சிறு குழுக்களாகப் போனவர்கள். திசைகாட்டும் கருவி அவர்கள் வண்டிகளிலும் இருந்தது. எந்தப் பள்ளத்தாக்கில் இப்போது யார் நடமாடுகிறார்கள் என்பதைக் கருவி சொல்லவில்லை. ஒரு பெண்மணி வெப்பத்தாக்கில் உயிரிழந்தார். மற்றவர்கள் அந்த ஆண்டு மே மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலுமாக மீண்டனர்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், கேட்க மனம் வராவிட்டாலும். 2013-ல் நைஜர் நாட்டிலிருந்து அல்ஜீரியாவுக்குப் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களின் லாரிகள் நடுவழியில் பழுதாயின. 92 பேர் தாகத்தால் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்களுக்கு அது சுற்றுலா அல்ல. தண்ணீரோடு எதிர்கொண்டு வர யாரும் இல்லை.

மெர்சூகாவில் அந்த அளவு ஆபத்து இல்லை என்பது உண்மை. கூடாரத்திலிருந்து சாலை பக்கம்தான். ஆனாலும் 1994 முதல் மூடிக் கிடக்கும் அல்ஜீரிய எல்லை வெகு தொலைவில் இல்லை. எந்தப் பக்கம் உலாவலாம், எந்தப் பக்கம் கூடாது என்பதை உள்ளூர்க்காரர்தான் அறிவார். தண்ணீர் இல்லாததால் மட்டுமல்ல, தண்ணீர் வந்தாலும் ஆபத்து. 2006 மே மாதம் திடீர் வெள்ளம் மெர்சூகாவில் வீடுகளை இடித்தது. 2024 செப்டம்பரில் பெய்த மழையில், அரை நூற்றாண்டாக வறண்டு கிடந்த இரிக்கி ஏரியே நிரம்பியது. வறண்ட ஆற்றுப் படுகையில் கூடாரம் போடக் கூடாது என்று வழிகாட்டி சொன்னால், வானம் நீலமாக இருக்கிறதே என்று வாதாடக் கூடாது. மழை எங்கோ மலையில் பெய்திருக்கும்.

ஆகவே சாலை உள்ள வரை கைத்தொலைபேசி போதும். சாலை முடிந்த இடத்தில் ஆள் வேண்டும்.

போக எண்ணுபவர்களுக்கு இன்னும் சில. இரண்டு நாள் மலிவுப் பயணம் பெரும்பாலும் சகோரா வரைதான் போகும். அங்கே பெரிய மணல்மேடுகள் கிடையாது, வந்து ஏமாறுபவர்கள் அதிகம். மூன்று நாள் திட்டத்தில் கடைசி நாள் முழுதும் வண்டியிலேயே கழியும். மெர்சூகாவிலிருந்து மராகேஷ் திரும்பாமல் வடக்கே ஃபெஸ் நகரில் இறங்கும் திட்டத்தைக் கேட்டு வாங்கினால் அதே சாலையை மறுமுறை பார்க்க வேண்டியதில்லை. கோடைக்காலத்தைத் தவிர்க்கவும். டிசம்பர் விடுமுறையில் போனால் இரவில் நடுங்க வைக்கும் குளிர், கம்பளிச் சட்டை அவசியம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'தஜின்' எனப்படும் மண்சட்டிக் குழம்பில் மாட்டிறைச்சியும் இருக்கக்கூடும். காய்கறி தஜின் என்றாலும் இறைச்சி வேகவைத்த நீர் சேர்த்திருக்கிறார்களா என்று சைவர்கள் கேட்டுக்கொள்வது நலம். நோன்பு மாதத்தில் போனால் மாலையில் ஓட்டுநர் நோன்பு துறக்க வண்டியை நிறுத்துவார், பொறுத்திருங்கள். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியவர் அவர். ஒட்டகக் கயிறு பிடித்தவருக்குத் தரும் அன்பளிப்பை முகவர் கையில் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.