ஒளியும் ஒலியும்: இருமொழிப் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடம்

தாயகத்தை விட்டு வேறு மாநிலங்களிற் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து, ஒரு சொல்லைச் சுட்டிப் பொருள் கேட்கிறது. தந்தைக்கு விஷயம் தெரியும். அவ்வூர் மொழியின் சொல் தெரியாது. பிள்ளைக்குச் சொல் மனப்பாடம், விஷயம் விளங்கவில்லை. தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடலாம். ஆனால் பொருள் விளங்காமல் சொல்லை மட்டும் சுமக்கும் பிள்ளை, நாளடைவில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறது. விஞ்ஞானக் கல்விக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

இதை ஆராய்வதற்குச் சித்தூர், திருப்பதிப் பகுதி மிகவும் ஏற்ற இடம். வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911-ஆம் ஆண்டில் அமைந்தது சித்தூர் மாவட்டம். 1953-இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி உள்ளிட்ட சில பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு இடம் மாறினும், நகரி, சத்தியவேடு, குப்பம், சித்தூர் வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவிற் பேசப்பட்டே வருகின்றன. கடைத்தெருவில் இது யாருக்கும் இடையூறன்று. இடையூறு தோன்றுவது பாடப் புத்தகத்தில்தான்.

ஆரம்பப் பள்ளியில் ஒளி, ஒலி என்னும் இரு சக்திகளைப் பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது ஓரெழுத்து. நாவை மடித்துச் சொன்னால் கண்ணுக்குரியது. மடிக்காமற் சொன்னால் செவிக்குரியது. எதிரொளிப்பு, எதிரொலி என்னும் சொற்களும் அப்படியே. தெலுங்கிலோ ஒளிக்குக் 'காந்தி' என்றும், ஒலிக்கு 'த்வனி' என்றும் பெயர். 'காந்தி' என்றதும் நம் பிள்ளைக்கு மகாத்மாவின் நினைவு வரும். அல்லது இரும்பை இழுக்கும் காந்தம் நினைவுக்கு வரும். ஆசிரியர் விளக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, மாணவன் மனம் வேறெங்கோ நிற்கிறது. இது பிள்ளையின் மந்தபுத்தியன்று. இரு மொழிகளின் இயல்பு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சொல்லுக்குச் சொல் தேடுவது மொழிபெயர்ப்பின் முதற்படியன்று. பொருளைக் கண்ணெதிரே நிறுத்திக்கொண்டு, அதன் பின்னர்ப் பெயரைத் தேடுவதே முறை. பிள்ளைக்கும் இதே வழி பொருந்தும். முதலில் செய்கை, பின்னர்ப் பெயர், அதுவும் இரண்டு பெயர்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. மூன்று அட்டைகளின் நடுவே ஒரே உயரத்தில் துளையிட்டு வரிசையாக நிறுத்துங்கள். துளைகள் நேராக இருக்கும்வரை மறுபுறமுள்ள விளக்குத் தெரியும். ஓர் அட்டையைச் சற்று நகர்த்தினால் விளக்கு மறைந்துவிடும். ஒளி நேர்கோட்டிற் செல்கிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். நிழல் விழுவதும் அக்காரணத்தால்தான். அப்போது 'நிழல்' என்றும், தெலுங்கில் 'நீட' என்றும் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் மறவா.

இனி, ஒரு பாத்திரத்தின் வாயில் மெல்லிய காகிதத்தை இறுகக் கட்டி, அதன்மேல் சில அரிசி மணிகளைத் தூவுங்கள். அருகில் ஒரு தாம்பாளத்தை ஓங்கித் தட்டினால் அரிசி துள்ளும். தொடாத பொருளை அசைத்தது எது? தாம்பாளத்தின் அதிர்வு காற்றின் வழியே சென்று காகிதத்தை அதிர்த்தது. ஒலியும் ஒரு சக்தியே என்பதற்கு வேறு சான்று வேண்டா. அதிர்வுக்குத் தெலுங்குப் புத்தகம் கூறும் சொல் 'கம்பனம்'. பூகம்பம் என்னும் சொல்லைப் பிள்ளைக்கு நினைவூட்டுங்கள், புதுச்சொல் பழஞ்சொல்லாகிவிடும்.

மழைக்காலத்தில் திருமலைச் சாரலில் மின்னல் வெட்டுவதையும், சிறிது நேரங்கழித்து இடி முழங்குவதையும் காணாதவர் இலர். ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் விரைகிறது. ஒலியோ காற்றில் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். ஆகவே வீட்டினுள் இருந்தபடியே, மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் தோன்றியது என்பது தெரிந்துவிடும். வகுத்தல் கணக்கையும் உடன் பழகியதாயிற்று.

வானொலியிலும் ஓர் அதிசயம் உண்டு. வானொலி அலை ஒளியின் இனத்தைச் சேர்ந்தது. ஒளியின் வேகத்திலேயே செல்வது. இடையிலுள்ள கருவிகள் தாமதம் செய்யாவிடின், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் பெட்டியருகே அமர்ந்திருப்பவர், பேசுபவருக்கு எதிரே மூன்று மீட்டர் தொலைவில் இருப்பவரைவிடச் சற்று முன்னதாகவே பேச்சைக் கேட்டுவிடுவார்!

இத்தகைய பாடங்கள் ஆரம்பப் பள்ளியோடு முடிந்துவிடுவன அல்ல என்பதற்குத் திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையிலேயே சாட்சி நிற்கிறது. காதங்கி என்னும் சிற்றூரில், விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. 1992-இல் தேசிய எம்.எஸ்.டி. ரேடார் நிலையமாகத் தொடங்கி, 2005-இல் இப்பெயர் பெற்றது. அங்கு 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட களத்தில் 1,024 ஆன்டெனாக்கள் நாற்று நட்டாற்போல் வரிசையாக நிற்கின்றன. அவை வானொலி அலைகளை மேலே செலுத்தி, தெளிந்த காற்றின் கொந்தளிப்பிலிருந்து திரும்பிவரும் மிக மெல்லிய எதிரலையைக் கேட்கின்றன. அதிலிருந்து உயரத்தில் வீசும் காற்றின் வேகமும் திசையும் அறியப்படுகின்றன.

அதே வளாகத்தில் 'லைடார்' என்னும் கருவி பச்சை நிற லேசர் ஒளியை வானில் செலுத்துகிறது. காற்றின் மூலக்கூறுகள் சிதறடித்துத் திருப்பும் சிற்றொளியைக் கொண்டு, 30 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தின் வெப்பநிலை கணிக்கப்படுகிறது. ஒலியைச் செலுத்தி, தரைக்கு அண்மையிலுள்ள காற்றை ஆராய்வது 'சோடார்'. ஒலியையும் வானொலி அலையையும் இணைத்து வெப்பநிலை அறியும் முறையும் அங்குக் கையாளப்பட்டுள்ளது. அதன் தத்துவம் எளியது. காற்றின் வெப்பம் கூடினால் ஒலியின் வேகமும் கூடும்: பூஜ்ய டிகிரியில் வினாடிக்கு 331 மீட்டர், 30 டிகிரியில் சுமார் 349. மேலே செல்லும் ஒலியின் வேகத்தை ரேடார் அளந்துவிட்டால், அவ்வுயரத்தின் வெப்பம் எவ்வளவு என்பது புலனாகும். பள்ளிப் பிள்ளையின் எதிரொலியும் எதிரொளிப்புமே அங்கு வளர்ந்து நிற்கின்றன.

வேற்று மொழிச் சூழலில் வளரும் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஸர் சி. வி. ராமனின் வாழ்க்கையை நினைவூட்ட விரும்புகிறேன். 1888-இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அவர், இளமையில் கல்வி பயின்றது ஆந்திரக் கடற்கரையிலுள்ள விசாகப்பட்டினத்தில். அவருடைய தந்தை அங்குக் கல்லூரி ஆசிரியர். 1907-இல் மத்திய அரசின் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்று, அலுவல் நேரம் போக எஞ்சிய நேரத்தை ஆராய்ச்சிக்குத் தந்தார். மிருதங்கத்தின் நடுவே அமைந்த கரிய பூச்சு அதன் நாதத்தை எவ்வாறு இசையொழுங்குக்கு உட்படுத்துகிறது என்பதை 1920-இல் வெளியிட்டார். 1928, பிப்ரவரி 28-இல் ஒளிச்சிதறல் பற்றிய கண்டுபிடிப்பை அறிவித்தார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். ஒலி, ஒளி என்னும் இரண்டையும் ஆண்ட அப்பேரறிஞர், பள்ளிப் பருவத்தை வெளியூரிற் கழித்த தமிழ்ப் பிள்ளையேயாவார்.

எனினும் எல்லாப் பொறுப்பையும் பிள்ளையின் திறமைமேல் ஏற்றிவிடுதல் நியாயமன்று. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகட்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் இருமொழிப் பாடநூல்கள் ஆயத்தமாக வேண்டும் என்கிறது. இவற்றை அறிந்து பள்ளிகளில் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை.

அதுவரை, நேயர்களே, வீட்டில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒரு பக்கத்தில் தமிழ்ப் பெயர். எதிர்ப்பக்கத்தில் நீங்கள் வாழும் நாட்டின் பெயர். தெலுங்கானாலும், கன்னடமானாலும், மராத்தியானாலும், இந்தியானாலும் சரியே. ஆனால் எந்தச் சொல்லையும் அதற்குரிய பரிசோதனையைச் செய்து பார்த்த பிறகே எழுதச் சொல்லுங்கள். நோட்டு மெல்ல மெல்லத்தான் நிறையும். நிறைந்த அளவும் பிள்ளைக்குச் சொந்தமாயிருக்கும்.