சிலுவையடியில் சொட்டிய தண்ணீர்



காஞ்சியின் இந்தத் தேரடியில் நின்று கோயிலைப் பற்றிப் பேசினால் கைதட்டுகிறீர்கள். மாதா கோயிலைப் பற்றிப் பேச வந்தால் மட்டும், "பாவம், சிறுபான்மை, விட்டுவிடலாமே" என்கிறீர்கள். விட மாட்டேன். சலுகை காட்டுவதும் ஒருவகை இளப்பம்தான். கிறித்துவத் தோழர்களைச் சரிசமமாக மதிப்பதால்தான் அவர்களோடு வழக்காட வந்திருக்கிறேன்.

"எங்கள் விசுவாசமும் பகுத்தறிவும் ஒத்துப்போகும், அண்டம் விரிகிறது என்று சொன்னவரே ஒரு பாதிரியார்தானே?" என்கிறார்கள். உண்மைதான். பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமெத்ர் 1927-இல் அதை எழுதினார். ஐன்ஸ்டைனே முதலில் ஏற்கவில்லை. கடைசியில் பாதிரியாரின் கணக்குதான் ஜெயித்தது. ஆனால் மிச்சக் கதையையும் சொல்லுங்கள், அய்யா! 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கணக்கைப் படைப்புக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப் பார்த்தார். அதை விரும்பாதவர் யார்? அதே லெமெத்ர்! தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு அப்பாற்பட்டது என்பதே அவர் நிலை.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களைக் கேளுங்கள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஆனால் உடல் கிழிந்தாலும் கரை பிரியாது. லெமெத்ர் நெய்தது கோர்வை அல்ல. ஒரு தறியில் ஜெபம், இன்னொரு தறியில் கணக்கு. நெசவாளி ஒருவரே என்பதால் இரண்டும் ஒரே சேலை ஆகிவிடுமா?

அதே 1927 மார்ச்சில், தான் ஏன் கிறித்துவன் அல்ல என்று லண்டனில் பேசினார் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். குடிஅரசுப் பதிப்பகம் அதைத் தமிழில் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கும் வேண்டும். காரணமில்லாமலே ஒன்று இருக்க முடியுமென்றால், அது உலகமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்டார். இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று தள்ளிவிடாதீர்கள். மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பாடம் நடத்துவது இதே காஞ்சியில்தான். காண்டல், கருதல், இரண்டே அளவை என்கிறார். வேதத்தில் இருக்கிறது என்பதற்குத் தனி நாற்காலி போடவில்லை!

சரி, ஏடு போகட்டும். நாட்டு நடப்புக்கு வருவோம். 2012 மார்ச், மும்பை வில்லே பார்லே. வேளாங்கண்ணி மாதா பெயரில் உள்ள கோயிலருகே சிலுவையில் இயேசுவின் பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. கூட்டம் கூடியது. பிடித்துக் குடித்தார்கள். பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்தார். சிலுவையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவருக்குப் பின்னால் பார்த்தார். கழிவறைப் பக்கத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டிருந்தது. தேங்கிய நீர் சுவரிலும் சிலுவை மரத்திலும் ஊறி மேலேறி, ஆணி அடித்த இடத்தில் கசிந்தது. அவ்வளவுதான் அற்புதம்!

இந்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம். 1995 செப்டம்பரில் நாடெங்கும் பிள்ளையாருக்குக் கரண்டியில் பால் ஊட்டினோமே, மறந்துவிட்டதா?

சாக்கடையைக் காட்டியவருக்கு ஒரு நன்றியாவது சொன்னார்களா? குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு வராமல் காப்பாற்றியவரல்லவா! தொலைக்காட்சியில் அவர் திருச்சபையையும் ஒரு பிடி பிடித்தார், மறுக்கவில்லை. பதிலுக்கு வாதம் வரவில்லை. போலீசில் புகார் வந்தது. மத உணர்வைப் புண்படுத்தினார் என்று, இந்தியத் தண்டனைச் சட்டம் 295-ஏ. மனிதர் பின்லாந்துக்குப் போய்விட்டார்.

விசுவாசம் பகுத்தறிவோடு ஒத்துப்போகுமா என்று லெமெத்ரை வைத்து என்னிடம் கேட்காதீர்கள். அந்தச் சாக்கடையை வைத்துக் கேளுங்கள். சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவன் மீது வழக்குப் போடும் வரை ஒத்துப்போகாது!

அந்த 295-ஏ பிறந்த வருஷமும் 1927தான். இன்று பாரதிய நியாய சங்கிதையில் 299 என்ற எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. கிறித்துவத் தோழர்களே, நாளைக்கு உங்கள் போதகர் தெருமுனையில் விக்கிரக வணக்கம் பாவம் என்று பிரசங்கித்தால், இதே பிரிவைத் தூக்கிக்கொண்டு யாராவது ஸ்டேஷனுக்கு ஓடலாம். அவருக்காகவும் இதே மேடையில் நான் பேசுவேன். பிரிவு 299-ஐ நீக்கக் கோரும் மனு இதோ மேசையில் இருக்கிறது. சபைக்காரர்கள் முதலில் வாருங்கள். எங்கள் ஆட்கள் பிறகு போடட்டும் கையெழுத்து.